அவியலில் தக்காளி

"மண்டைல ஏதாவது இருக்கா ஒனக்கு? மண்டைல ஏதாவது இருந்தா அவியலுக்கு எவளாவது தக்காளி போடுவாளா? ஒரு நாளாவது ஒரு காரியத்த உருப்படியா செஞ்சிருக்கியா நீ?" போட்டேன், தெரிந்துதான் போட்டேன், நாலு தக்காளி, நன்றாகப் பழுத்தது, இஷ்டம் இருந்தா சாப்பிடுங்க இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க என்று சொல்ல வாயைத் திறந்தவள் அதைச் சொல்லாமல் "வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். வெளியூர் போயிருந்த ஆள் பதினாலு மாதம் கழித்துப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் கேட்கிற மாதிரி. அவர் ஸ்பூனால் தட்டின் விளிம்பில் மூன்று முறை தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார். கண்ணில் இருந்த வெளிச்சம் மெதுவாக இறங்கியது, கரெண்ட் போவதற்கு முன்னால் பல்பு மங்குமே, அப்படி. "நானா சொன்னேன்? நல்லாத்தான் இருக்கு செம்பகம்" என்று சொல்லிவிட்டுத் தக்காளியை ஒதுக்காமல் முழுக்கச் சாப்பிட்டார். நேற்று மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு. அதிலிருந்து இதோ இந்த ஸ்கேன் சென்டர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற காலை பதினோரு மணி வரைக்கும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் வழக்கமாக எடுக்கிற ஸ்கேன், உள்ளே அவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். நாற்பத்தைந்து நிமிடம் ஆகுமாம். என் மடியில் ஒரு தாள். நோயாளியின் பெயர் கோமதிநாயகம், வயது அறுபத்தொன்று, மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், ஓய்வு, மூளைக்கட்டி நீக்கிப் பதினாலு மாதம் என்றெல்லாம் எழுதிவிட்டேன், கான்வென்ட் கையெழுத்து, இன்னும் கெடவில்லை. கடைசிக் கேள்வி: அண்மையில் நடத்தையில் மாற்றம் ஏதும் உண்டா? 'இல்லை' என்று எழுதிவிட்டேன். பச்சைப் பொய். மை காய்ந்துவிட்டது.

உண்டு என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி வளருதோ என்னவோ, திறந்து பார்த்துடலாம்மா என்பார். சும்மா சொல்கிறார்கள் திறந்து பார்க்கிறேன் என்று, அலமாரியைத் திறப்பது மாதிரி. போன தடவை திறந்தபோது உள்ளே போனவர் ஒருத்தர், வெளியே வந்தவர் ஒருத்தர். இன்னொரு தடவை திறந்தால் மூணாவதாக யாரை வெளியே அனுப்புவார்கள்? அவருக்கும் நான்தான் சமைத்துப் போட வேண்டும், அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே கூட்டிப்போவதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்கிற பெண், என் மகள் பிருந்தா வயதுதான் இருக்கும், அவளை விடப் பொறுமைசாலி, "சார், உடம்புக்குள்ள இரும்பு கம்பி தகடு ஏதாவது வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். அவர் அவ்வளவு மரியாதையாக, "மண்டைல நாலு குட்டித் தகடு இருக்கும்மா, மத்தபடி ஒண்ணும் இல்ல" என்றார். பழைய ஆளாக இருந்தால், எல்லாம் அந்தக் காயிதத்துல எழுதியிருக்கு, படிக்கத் தெரியாதா என்று குதறியிருப்பார். நானாக இருந்தாலும் குதறியிருப்பேன். என்னைப் பார்த்து, "கூட ஒருத்தர் உள்ள உக்காரலாம்மா, ஆனா தாலிச் செயின், மெட்டி, ஹேர்பின் எல்லாம் கழட்டணும்" என்றாள். பக்கத்து நாற்காலிக்காரி இதற்கென்றே வீட்டிலிருந்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், விவரமானவள். என் தாலிச் செயினில் தாலியோடு மூன்று ஊக்கு தொங்குகிறது. மெட்டி இருபத்தெட்டு வருடமாக விரலோடு விரலாக இறுகிப்போய்விட்டது, சோப்பு போட்டாலும் வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் வரலை என்றேன். அவர் தலையைத் திருப்பி, "பரவாயில்ல, நீ காத்தோட்டமா உக்காந்திரு" என்றார். காத்தோட்டமாம். ஏசியில் எனக்குப் பல் கிட்டுகிறது. என் மடியில் அவருடைய கைக்கடிகாரம், பெல்ட், வெள்ளி அரைஞாண். அரைஞாண் இன்னும் சூடாக இருக்கிறது. யாருடைய சூடு?

சத்தம் ஆரம்பித்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் டக் டக் டக் டக் என்று ஒரே சீராக, நடுவில் விட்டுவிட்டு இழுத்து ஒரு ஊளை. வலது காதில் அது. இடது காதில் என் சொந்தச் சத்தம், உய்ய்ய் என்று, இரண்டாயிரத்து ஆறிலிருந்து அணையாத சத்தம். இரண்டாயிரத்து ஆறு, ஆவணி, வியாழக்கிழமை. மேலதிகாரி சாப்பிட வந்திருந்தார், நான் மேஜையில் எல்லார் முன்னாலும் இவருடைய இங்கிலீஷைத் திருத்தினேன், சிரித்துக்கொண்டேதான் திருத்தினேன், சிரித்ததுதான் குற்றமோ என்னவோ. அதிகாரி போன பிறகு இவர் அடுப்படிக்கு வந்தார். கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடித்திருக்கலாம். வைக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கட்டி இருந்ததா? அதை மட்டும் யாராவது எனக்குச் சொன்னால் போதும். நெற்றிக்குப் பின்னால், பெரிய எலுமிச்சம்பழ அளவு, "இது கேன்சர் இல்லம்மா, மெதுவா வளர்ற சாதி. பத்து வருஷமா இருந்திருக்கலாம், இருபதும் இருக்கலாம். மூளையோட முன்பக்கம் பிரேக் மாதிரி, அதை அழுத்திக்கிட்டே இருந்திருக்கு, அதான் அந்தக் கோபம்" என்றார் டாக்டர். நான் உடனே கேட்டேன், "ரெண்டாயிரத்து ஆறுல இருந்திருக்குமா டாக்டர்?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதெப்படிம்மா தேதி சொல்ல முடியும்?" முடியாதா? மரத்தை அறுத்தால் வயது சொல்கிறான், எறும்பு தின்ற பிணத்தைப் பார்த்துச் சாவு நேரம் சொல்கிறான், என் புருஷன் மண்டையிலிருந்து எடுத்து ஜாடியில் போட்டு வைத்திருக்கிற சாமானுக்கு வயது சொல்ல முடியாதாம். நானே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். தொண்ணூற்றைந்தில் கல்யாணம். தொண்ணூற்றாறில் எனக்கு டைஃபாய்டு வந்தபோது இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டது அவர், அது கட்டி இல்லாத அவர். தொண்ணூற்றொன்பதில் குடையைத் தூக்கி எறிந்தார். அது? குடையை யாரும் எறிவார்கள், நானே எறிவேன். இரண்டாயிரத்து மூன்றில் ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டு பறந்தது, அது கட்டியா? அப்படியானால் மாமனார்? அவர் எண்பத்தொன்பது வயது வரைக்கும் தட்டு எறிந்தார், அவர் தம்பி எறிந்தார், அந்த வீட்டுச் சுவரெல்லாம் மஞ்சள் கறை, இத்தனை பேர் மண்டையிலும் எலுமிச்சம்பழமா இருந்தது? அப்படியென்றால் கட்டி ஒன்றும் செய்யவில்லை, அவர்தான் செய்தார். அப்படியென்றால் கட்டியை எடுத்ததும் ஏன் மாறினார்? இங்கே வந்து நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் இதே இடம். மரை தேய்ந்த திருகாணி மாதிரி சுற்றுகிறதே தவிர இறுகவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் முதல் பீரியட் மாரல் சயின்ஸ், இரண்டாவது பயாலஜி. சிஸ்டர் யூஜினா உள்ளே வரும்போதே மர ஸ்கேலால் மேஜை விளிம்பில் மூன்று தட்டு தட்டுவார், அதற்கப்புறம்தான் பேச்சு. நல்லவளாக இருப்பதும் கெட்டவளாக இருப்பதும் உன் கையில் என்பார். மணி அடிக்கும், அடுத்த பீரியடில் மூளையை நாலு கலரில் வரைவோம், முன்பகுதி மஞ்சள், எனக்குப் பத்துக்கு ஒன்பது. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிட இடைவேளை, அந்த ஐந்து நிமிடத்தில் ஒருத்தியாவது எழுந்து, சிஸ்டர், நான் நல்லவளா கெட்டவளா என்பது இந்த மஞ்சளுக்குள் இருக்கிறதா, இந்த மஞ்சளில் ஒரு எலுமிச்சம்பழம் முளைத்தால் யாரை முட்டி போட வைப்பீர்கள் என்று கேட்டிருக்கலாம். எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டோம். நான் என் புருஷனிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி வைத்திருந்தேன். பதினைந்து வருடமாகத் தயார் செய்தது. அவர் ஓய்வு பெறுகிற அன்று, மாலை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்ததும், கதவைச் சாத்திவிட்டு, ஏன் அடிச்சீங்க, காரணத்தைச் சொல்லுங்க, சொல்லாமல் இந்த அறையை விட்டு வெளியே போக முடியாது என்று நிற்பதாக இருந்தேன். துணி துவைக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்ப்பேன், அவர் என்ன பதில் சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன், ஒன்றுக்கு நான்கு பதில் கைவசம். ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, முடி முளைத்து, வெங்காயம் உரித்துக் கொடுக்கிற அளவுக்குத் தேறிய பிறகு ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன், "ரெண்டாயிரத்து ஆறுல என்னைய டம்ளரால அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" அவர் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கியது. வெங்காயம் என்று நினைத்தேன். "ஒன்னையா? யாரு? நானா?" என்றார். என் இடது காதைத் தொட்டார். "அப்படி ஒருத்தன் அடிச்சான்னா அவன நீ சும்மா விட்டிருக்கக் கூடாது செம்பகம்." அடித்தவரே என் பக்கம் வந்து நின்றுகொண்டு என்னோடு சேர்ந்து அவரைத் திட்டினால் நான் யாரிடம் சண்டை போட? என் கேள்வியை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் செத்துப்போய்விட்டார், எடுத்து எரிக்கவில்லை, அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொருத்தர் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். எதிர் வீட்டு மரகதம், "குடுத்து வச்சவ நீ, வயசான காலத்துல தங்கமான மனுஷன் கிடைச்சிருக்காரு" என்கிறாள். எடுத்துக்கோடி, ஒரு வாரம் வைத்திருந்து பார், விளம்பரத்தில் குழந்தை அழுதால் இவரும் அழுகிறார்.

அதனால்தான் உப்பைக் குறைத்தேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒரு நாள் ரசத்தில் உப்பே போடவில்லை. நல்லா இருக்கு செம்பகம். ஒரு நாள் காபியை ஆற விட்டு ஆடையோடு கொடுத்தேன். நல்லா இருக்கு செம்பகம். சட்டைப் பொத்தானைத் தைக்காமல் விட்டேன், அவரே ஊசியில் நூல் கோத்து அரை மணி நேரம் திணறித் தைத்துக்கொண்டார். எங்கேயாவது ஒரு மூலையில் அந்த ஆள் ஒளிந்திருக்கிறாரா என்று கதவு கதவாகத் தட்டுகிற மாதிரி. கண்டுபிடித்தால் என்ன செய்வதாக இருந்தேன்? கேள்வியைக் கேட்பதாகவா, இல்லை, சும்மா, இன்னும் இருக்காரு என்று தெரிந்துகொள்வதற்கா? இருபத்தேழு வருடம் ஒருத்தருடைய செருப்புச் சத்தத்துக்குத் தோளைச் சுருக்கிப் பழகிவிட்டு, இனிமேல் சுருக்க வேண்டாம் என்றால் தோளுக்குத் தெரிகிறதா? சாயங்காலம் ஆறு மணிக்கு இன்றைக்கும் சுருங்குகிறது. அவர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார், செருப்பு ஸ்டாண்டில் இருக்கிறது, ஆனாலும் சுருங்குகிறது. எனக்கு எந்த டாக்டரும் ஸ்கேன் எழுதவில்லை. அவியலில் தக்காளி என்பது கடைசித் தட்டல். எங்கள் பக்கம் அதைச் செய்தால் பெண் கொடுத்த வீட்டையே சேர்த்துப் பேசுவார்கள். நேற்று அந்தக் குரல் வந்தபோது என் தோள் சுருங்கியது நிஜம், கூடவே உள்ளே ஏதோ குதித்ததும் நிஜம். அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சந்தோஷம் என்றுதான் அதற்குப் பெயர். டம்ளரால் அடி வாங்கியவளுக்குச் சந்தோஷம். அடுத்த நிமிடம், ஐயோ மறுபடி வளர்கிறது, கட்டி வளர்கிறது, பிருந்தாவிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அவள் பூனாவில் ஆபீசில் இருந்தாள், அம்மாவுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குகிற வேலை. "அப்பா கத்துனாரு பிருந்தா, பழைய மாதிரியே கத்துனாரு" என்றேன். அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே நடக்கிற சத்தம். அப்புறம், "ம்மா, போன மாசம் நான் வந்திருந்தப்ப நாலு நாளும் அந்த வீட்டுல கத்துனது யாரு?" என்றாள். "சும்மா வாய்க்கு வந்ததப் பேசாத" என்றேன். "அப்பா மாத்திரை டப்பாவ மாத்தி வச்சாருன்னு நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? ஆபரேஷன் பண்ண மனுஷனப் பாத்து." நான் வைத்துவிட்டேன். மரியாதை தெரியாத கழுதை, இதற்குத்தான் இவளையும் கான்வென்டில் போட்டுப் படிக்க வைத்தேனா?

என்ன சொன்னேன்? ஞாபகம் இல்லையா என்ன. மண்டைல ஏதாவது இருக்கா ஒங்களுக்கு என்றேன். இருபது வருடம் நான் வாங்கிய வார்த்தை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அவர் மண்டையில் தகடு இருக்கிறது என்பதுகூட அப்போது தோன்றவில்லை. ஒரு தடவை சொன்னதா, இல்லை, சும்மா சொல்லக் கூடாது, தினம் சொல்கிறேன். குழாயை மூடவில்லை என்றால், செய்தித்தாளை மடிக்கவில்லை என்றால், நல்லா இருக்கு செம்பகம் என்றால் அதற்கும். ஒரு நாளாவது ஒரு காரியத்த உருப்படியா. டக் டக் டக். உள்ளே மறுபடி ஆரம்பித்துவிட்டது, இப்போது மூன்று மூன்றாக. மூன்று. நேற்று ஸ்பூனால் மூன்று தட்டு தட்டினாரே. அவர் எங்கே தட்டுவார்? இருபத்தேழு வருடத்தில் ஒரு நாளும் அவர் எதையும் தட்டியதில்லை, எறிவார். எறிகிற கை அது. கரண்டியைக் குழம்புச் சட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டிவிட்டுப் பேச ஆரம்பிக்கிறது யார்? சிஸ்டர் யூஜினா மர ஸ்கேலால் தட்டினார், எனக்கே தெரியாமல் என் கைக்கு வந்தது, நாற்பது வருடமாகத் தட்டுகிறேன், பிருந்தா சின்னப் பிள்ளையில் அதைக் கேட்டாலே புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள். நேற்று அவர் தட்டினார். பேசிவிட்டுத் தட்டினார், முன்னே பின்னே மாற்றி, இப்போதுதான் கற்றுக்கொள்கிறவர் மாதிரி. டாக்டர் சொன்னாரே, ஜாடியைக் காட்டிய அன்றைக்கே சொன்னாரே, "மூளைங்கறது எந்த வயசுலயும் மாறிக்கிட்டே இருக்கும்மா, வீட்டுல எது காதுல விழுதோ அதைப் பிடிச்சுக்கும். நீங்க பேசிக்கிட்டே இருங்க, அவர் கத்துக்குவாரு." பேசிக்கொண்டே இருந்தேன் டாக்டர். கற்றுக்கொண்டார். அந்தக் குரல் ஏன் அவ்வளவு பழகியதாக இருந்தது என்று நேற்றிலிருந்து தவிக்கிறேன். அவர் திரும்பி வரவில்லை. பழைய ஆள் எங்கேயும் போகவும் இல்லை, இடம் மாறியிருக்கிறார், அவ்வளவுதான், கட்டியோடு வெளியே எடுத்துப் போடுவதற்கு முன்னாலேயே இங்கே எனக்குள் குடிவந்துவிட்டார், அவருடைய ஒவ்வொரு சொல்லையும் நான் பத்திரமாக வைத்திருந்து தினமும் ஒன்றாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் அறியாத ஒரு மனுஷனுக்கு. டம்ளர் மட்டும்தான் பாக்கி. அன்றைக்கு மாத்திரை டப்பாவைப் பிடுங்கினேனே, பிடுங்கிய கை உடனே கீழே இறங்கியதா? மேலேயே நின்றது. பிருந்தா பார்த்தாள். அதனால்தான் போனில் அப்படிக் கேட்டாளா? என் மண்டையில் எந்த எலுமிச்சம்பழமும் இல்லை. எனக்குச் சாக்கு இல்லை. தாளை எடுத்து அந்தக் கேள்வியை மறுபடி படித்தேன். நடத்தையில் மாற்றம் ஏதும் உண்டா? யாருடைய நடத்தை என்று போடவில்லை, அச்சடித்தவனுக்கு அவ்வளவு அறிவு.

கதவு திறந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க. அந்த ரூமுக்கு இல்ல, எங்க ரூமுக்குத்தான், ஒண்ணும் கழட்ட வேணாம். சார் தலைய அசைச்சுக்கிட்டே இருக்காரு, பயந்துட்டாரு போல. படம் கலங்குது. நீங்க மைக்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க குரல் கேட்டா அடங்கிடுவாரு." என் குரல் கேட்டால் அடங்கிவிடுவாராம். கடிகாரம், பெல்ட், அரைஞாண் எல்லாவற்றையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் குழாய்க்குள் இடுப்பு வரை போய்விட்டார், கால் மட்டும் தெரிகிறது, போர்வைக்கு வெளியே, இடது பாதம் நடுங்கிக்கொண்டு. அந்தப் பாதம் பழைய ஆளுடையதுதான், கட்டை விரல் நகம் கறுத்திருக்கும், கம்பத்திலிருந்து ஸ்பானர் விழுந்தது. திரையில் மூளை சாம்பல் நிறத்தில், பாதி பாதியாக, நான் மஞ்சள் அடித்த இடம் ஒரு பக்கம் ஒடுங்கி இருட்டாக. அங்கே ஏதாவது வளர்ந்திருக்கிறதா, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், அவளும் சொல்ல மாட்டாள், டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவள் பொத்தானை அமுக்கி மைக்கை என் பக்கம் திருப்பினாள். "அவரு பேசக் கூடாதும்மா, பேசினா தலை அசையும். நீங்க மட்டும் பேசுங்க." இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு வசதி எனக்குக் கிடைத்ததில்லை, நான் பேச, அவர் பதில் சொல்ல முடியாமல். தயார் செய்து வைத்திருந்த கேள்வி தொண்டை வரை வந்தது. ஏன் அடிச்சீங்க. கறுத்த நகம் நடுங்குகிறது. "நான்தான்" என்றேன். பாதம் சட்டென்று நின்றது. உள்ளங்கால் உள்ளே சுருங்கியது, விரல்கள் ஐந்தும் மடங்கின, சாயங்காலம் ஆறு மணிக்கு என் தோள் சுருங்குகிற மாதிரியே. "குட், அடங்கிட்டாரு" என்றாள் அந்தப் பெண். அடங்கிட்டாரா, பாப்பா, உனக்கு என்ன தெரியும். "ஏங்க" என்றேன், தட்டுவதற்கு எழுந்த விரலை மேஜை விளிம்பில் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பதினாலு மாசமா நான் பேசினது ஒண்ணையும் மனசுல வச்சுக்காதீங்க. எல்லாத்தையும் விட்டுருங்க. கேக்குதா?" அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். டக் டக் டக் என்று ஆரம்பித்தது.